'ஏரி மீன்' என்ற பெயர் எதை மறைக்கிறது?

தங்கவயலில் 'ஏரி மீன்' என்று கேட்டு நாம் வாங்கும் கட்லாவும் ரோகுவும் ஏரியில் பிறந்தவை அல்ல. 1957இல் ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சௌத்ரி ஊக்கி ஊசியால் கெண்டைகளைச் சினைவிடச் செய்தார். அதன்பின் இந்திய நன்னீர் மீன் சந்தை பொரிப்பகக் குஞ்சுகளின்மீதே எழுந்தது. ஆந்திரக் கொல்லேறு வட்டாரக் குளங்களிலிருந்து பனிக்கட்டியில் வரும் கெண்டைக்கும் கோலார் ஏரியில் வளர்ந்த கெண்டைக்கும் தராசில் ஒரே பெயர்தான்.

பெயரைப் பற்றிய இவ்வழக்கு மொழியியலோடு முடிவதன்று. 2018 முதல் பெங்களூரின் கழிவுநீர், இரண்டாம் நிலைச் சுத்திகரிப்புக்குப் பின், கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தின் வழியே கோலார் ஏரிகளுக்கு வருகிறது. நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்பது திட்ட அளவு. வறண்ட ஏரிகள் நிரம்பின. மீன் வளர்ப்பும் பெருகியது. மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு வேண்டும் என்று விவசாயிகள் தொடர்ந்து கேட்டு வருகின்றனர். அந்த ஏரிகளின் மீன் நஞ்சு என்று நான் கூறவில்லை. நஞ்சா, நல்லதா என்று அறியும் வழி வாங்குபவருக்கு இல்லை என்பதே என் குற்றச்சாட்டு.

ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் இறாலைக் குளத்திலிருந்து பிடிப்பதற்கு முன்பே உயிர் எதிர்ப்பி மருந்து எச்சத்துக்காகச் சோதிக்கிறோம். பண்ணையும் பதிவேட்டில் உள்ளது. ஆக, சோதிக்கும் திறன் நாட்டில் இருக்கிறது. உண்பவர் யார் என்பதைப் பொறுத்தே அது செயல்படுகிறது.

'ஏழைக்கு மலிவாகக் கிடைக்கும் புரதத்தைக் கெடுக்காதீர்கள்' என்று பொருளியல் நண்பர்கள் சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்கு ஜார்ஜ் ஆக்கர்லாஃபின் 1970ஆம் ஆண்டுக் கட்டுரையையே நினைவூட்டுகிறேன். தரம் விற்பவருக்கு மட்டும் தெரிந்த சந்தையில் நல்ல பொருளுக்கும் சராசரி விலையே கிடைக்கும். நல்ல பொருளை விற்பவர் விலகுவார். ஏரி நீரைப் பற்றி ஒரு வதந்தி பரவினால் முதலில் வீழ்வது ஏரியைக் குத்தகைக்கு எடுத்த மீனவர்தான். மௌனம் அவரைக் காப்பதில்லை.

கோரிக்கை எளியது. குத்தகை ஏரி ஒவ்வொன்றின் நீரிலும் மீனிலும் கன உலோக அளவை அரசு தன் செலவில் ஆண்டுதோறும் சோதித்து, முடிவைத் தமிழிலும் கன்னடத்திலும் சந்தையில் ஒட்ட வேண்டும். கடைப் பலகையில் மீனின் பெயரோடு ஏரியின் பெயரும் எழுதப்பட வேண்டும். 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னும் சயனைடு மேடுகளின் தூசியைச் சுவாசிக்கும் ஊர் இது. 'பாதிப்பு ஒன்றுமில்லை' என்ற வாய்மொழி இங்கே யாருக்கும் போதாது.