மேடை விளக்குகளுக்குக் கணக்குப் போட்டது யார்?

பள்ளி ஆண்டு விழாக்களில் இந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். நாடகம் உச்சக்கட்டத்தில் இருக்கிறது. அரசன் வாளை உருவுகிறான். ஃபோகஸ் விளக்குகள் எல்லாம் ஒருசேர எரிகின்றன. மறு நொடியே மேடை இருண்டு போகிறது! கூட்டம் சீட்டியடிக்கிறது. யாரோ ஒருவர் டார்ச்சுடன் ஃபியூஸ் பெட்டியை நோக்கி ஓடுகிறார்.

அப்படிப்பட்ட ஒரு விழாவில் நானும் இருந்தேன். மூன்றாம் முறை ஃபியூஸ் போனதும், பொறுமையிழந்த ஒருவர் அதை எடுத்துவிட்டுத் தடித்த செம்புக் கம்பியை முறுக்கிப் பொருத்தினார். "இனிப் போகாது" என்றார். போகவில்லைதான். நாடகம் முடிந்து விளக்குகளைக் கழற்றும்போது மேடையின் ஓரத்தில் கருகிய வாடை. சுருட்டியபடியே கிடந்த எக்ஸ்டென்ஷன் வயரின் மேலுறை இளகி, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அதற்கு ஒரு முழம் தள்ளித் திரைச்சீலை தொங்கியது! வகுப்பில் மின்திறன் பாடம் நடத்துகிற நான், அந்த மேடைக்கு எத்தனை வாட் தேவை என்று யாரையும் முன்கூட்டிக் கேட்கவில்லை. அன்றுமுதல் கேட்டு வருகிறேன்.

நீங்களும் கேட்கலாம். வாட் எண்ணிக்கையை வோல்ட் எண்ணிக்கையால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. 1000 வாட் ஹாலோஜன் விளக்குகள் ஆறு. ஒலிபெருக்கிக்கு 600 வாட். மின்விசிறிகளுக்கு 400 வாட். ஆக 7000 வாட். இதை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 30 ஆம்பியர். பெரிய பிளக் ஒன்றின் எல்லையோ 16 ஆம்பியர், அதாவது 3680 வாட். எல்லையைத் தொட்டபடி மணிக்கணக்கில் ஓட்டுவதும் நல்லதல்ல. எனவே இந்த மேடைக்கு மூன்று தனிச் சுற்றுகள் வேண்டும். ஒரே வயரிலிருந்து பிரியும் மூன்று பிளக்குகள் மூன்று சுற்றுகள் ஆகமாட்டா என்பதையும் மறவாதீர்கள்.

கணக்கை மீறினால் என்ன ஆகும்? 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி கொண்ட 20 மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயரை எடுத்துக்கொள்வோம். போகவும் வரவும் 40 மீட்டர் கம்பி. மின்தடை ஏறத்தாழ 0.46 ஓம். மூன்று விளக்குகளை இணைத்தால் 13 ஆம்பியர் பாய்கிறது. கம்பியில் தோன்றும் வெப்பம் சுமார் 78 வாட். ஆறையும் இணைத்தால் 26 ஆம்பியர். மின்னோட்டம் இரு மடங்குதான். வெப்பமோ நான்கு மடங்காகி 311 வாட்டை எட்டுகிறது! வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது என்று மனப்பாடம் செய்தோமே, அதன் பொருள் இதுதான். நீட்டிப் போட்ட வயர் இதில் ஒரு பகுதியைக் காற்றுக்குக் கொடுத்துவிடும். சுருட்டி வைத்த வயரால் அது இயலாது.

மேடைக்கு மின்சாரம் வந்த நாளிலிருந்தே இந்தக் கணக்கு உடன் வருகிறது. லண்டன் சவாய் நாடக அரங்கு 1881 அக்டோபர் 10 அன்று திறக்கப்பட்டது. வாயு விளக்குகளின் புழுக்கத்தையும் தீ அபாயத்தையும் நீக்க, ஜோசப் ஸ்வானின் மின்விளக்குகளை, சுமார் 1200 எண்ணிக்கையில், அங்கே அமைத்தார்கள். ஆனால் மின்னாக்கியின் திறன் முழு அரங்குக்கும் போதவில்லை! பார்வையாளர் பகுதி மட்டும் மின்னொளி பெற்றது. மேடை டிசம்பர் 28 வரை வாயு விளக்கோடு காத்திருந்தது. திறன் போதாது என்று தெரிந்ததும், போதுமான திறன் கிடைக்கும்வரை பொறுத்தார்கள். அந்தப் பொறுமை நமக்கும் வேண்டும். 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோக்வா நாடக அரங்கில், மேடையின் வில்விளக்கு ஒன்றிலிருந்து திரையில் தீப்பற்றியது. அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர்.

"இப்போதுதான் எல்.இ.டி. விளக்கு வந்துவிட்டதே, மிகைமின்னோட்டம் பாய்ந்தால் தானே விழும் எம்.சி.பி. சுவிட்சும் வந்துவிட்டதே, இன்னும் எதற்குக் கணக்கு?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1000 வாட் ஹாலோஜனுக்குப் பதிலாக 200 வாட் எல்.இ.டி. விளக்கு வைத்தால், ஆறுக்கும் சேர்த்து 1200 வாட்டே ஆகும். ஒலிபெருக்கியும் மின்விசிறிகளும் சேர்ந்து 2200 வாட். மகிழ்ச்சிதான். உடனே ஒருவர், கனவுக் காட்சிக்காக 1500 வாட் புகை இயந்திரம் கொண்டு வருவார். மொத்தம் 3700! ஒரு பிளக்கின் எல்லை தாண்டியாயிற்று. எம்.சி.பி. விழக்கூடும். "பெரிய எம்.சி.பி. மாட்டு" என்று ஒரு குரல் எழும். செம்புக் கம்பியை முறுக்கிய அதே தவறுதான் இது. சுவரினுள் இருக்கும் கம்பி தடிக்கவில்லையே!

ஆகவே என் கருத்து இது. நாடகத்துக்கு வசனம் சொல்லிக்கொடுக்க ஒருவர், ஒப்பனைக்கு ஒருவர் என்று நியமிக்கும் பள்ளிகள், மின்கணக்குக்கும் ஒரு மாணவரை நியமிக்க வேண்டும். வாடகைக்கு வரும் ஒவ்வொரு விளக்கின் வாட்டையும் அவர் குறித்துக் கூட்டி, ஆம்பியராக மாற்றி, ஒத்திகைக்கு முன்பே ஆசிரியரிடம் தாளில் தர வேண்டும். இணைப்பு வேலை உரிமம் பெற்ற மின்பணியாளருடையது. நீங்கள் கம்பியைத் தொட வேண்டாம். ஆனால் அந்தத் தாளைக் காட்டி, "ஐயா, இதற்கு எத்தனை சுற்று வேண்டும்?" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தேர்வில் இக்கணக்குக்கு இரண்டு மதிப்பெண் கிடைக்கலாம். மேடையில் அதை நம்பி நிற்பவர்கள் உங்கள் தோழர்கள்.