வாஷ்பேசினுக்குக் கீழே ஒரு சிங்கர்

போன தை மாதம் தங்கை மகன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். பந்தியிலிருந்து எழுந்து கை கழுவப் போனால், வாஷ்பேசின் ஒரு வார்ப்பிரும்புக் காலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் வளைந்த எழுத்தில் ‘சிங்கர்’. கறுப்புக்கு மேல் தங்க நிறத்தில் பெயின்ட். “எப்படி மாமா இருக்கு?” என்றான். “தலை எங்கடா?” என்று கேட்டேன். அவனுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. “மிஷினா? துருப்பிடிச்சுப் போச்சுன்னு கடைக்காரர் எடைக்குப் போட்டுட்டாராம். ஸ்டாண்டுதான் இப்ப மார்க்கெட்டு.”

பின்னாலிருந்து மனைவி இடித்தாள். விசேஷ வீடு. பேசாமல் கை கழுவினேன். கால் மட்டும் பழக்கத்தில் மிதிப்பலகைமேல் போய்விட்டது. அது ஆடவில்லை. ஆடாமல் இருக்க வெல்டிங் வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு விழுங்கியதை இங்கே எழுதிவிடுகிறேன். நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்து நான்கு வருஷம் ஃபிட்டர். ஓய்வுபெற்ற பிறகு வீட்டின் பின்கட்டில் பழைய தையல் மிஷின்களைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது பதினொன்று நிற்கின்றன. மனைவி பன்னிரண்டாவதை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இறுகிப்போன மிஷின் எதைப் பார்த்தாலும் நம்மவர்கள் சொல்லும் ஒரே வார்த்தை ‘துரு’. இந்தப் பதினொன்றில் துரு தின்றது ஒன்றே ஒன்று. கூரை ஒழுகிய வீட்டிலிருந்து வந்தது. மற்ற பத்தும் எண்ணெயால் இறுகியவை. மிஷின் ஆயில் தீர்ந்த அன்று தேங்காய் எண்ணெய் விடுவார்கள். அதுவும் இல்லையென்றால் அடுப்படி நல்லெண்ணெய். இரண்டு மழைக்காலம் போனால் அந்த எண்ணெயும் நூல் பஞ்சும் சேர்ந்து பிசினாகிவிடும். பிறகு ஒருநாள் பரணிலிருந்து இறக்கி, சக்கரத்தைப் பிடித்துத் திருகிப் பார்த்து, ‘செத்துப்போச்சு’ என்று முடிவுகட்டுவது.

சாகவில்லை. எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் சக்கரத்தை முன்னும் பின்னும் நெல்லளவு அசையுங்கள், பலம் கொடுக்காமல். மறுபடி மண்ணெண்ணெய். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரு முனகலோடு அசைந்து கொடுக்கும். அப்புறம் அழுக்கு முழுவதும் கறுப்பாக வழிந்து வரும். அதைத் துடைத்துவிட்டு நல்ல மிஷின் ஆயில். துணியைத் தள்ளும் பல்லுக்கு அடியில் கெட்டித்துப்போய்க் கிடக்கும் பஞ்சை ஊசியால் கிளறி எடுக்க வேண்டும். ஒரு மிஷினில் கம்பளித் துண்டு மாதிரி ஒரு கட்டி முழுசாக வந்தது.

ஒரு எச்சரிக்கை, நான் பட்டது. முதல் மிஷினைச் சுத்தம் செய்தபோது வெளிப்பக்கத்தையும் தின்னர் போட்டுத் துடைத்தேன். எகிப்து ஸ்பிங்க்ஸ் படம் பொன்னிறத்தில் போட்ட சிங்கர் 127 மாடல் அது. அந்தப் படங்களுக்கு மேலே அரக்குப் பூச்சு இருக்கிறது. ஸ்பிரிட்டும் தின்னரும் அதைக் கரைத்துவிடும். அரை மணி நேரத்தில் ஸ்பிங்க்ஸ் துணிக்கு வந்துவிட்டது. இன்றும் அந்த மிஷின் ஒரு பக்கம் மொட்டையாகத்தான் நிற்கிறது. வெளிப்பக்கத்துக்கு மிஷின் ஆயிலும் மெத்தென்ற துணியும் போதும்.

ஸ்டாண்டுக்காகத் தலையை வீசுகிறவர்கள் ஒரு பக்கம் என்றால், தலையைப் புதையல் என்று நினைக்கிறவர்கள் மறுபக்கம். மாதத்துக்கு இரண்டு போனாவது வரும்: “சார், எங்க மிஷின் 1851ஆம் வருஷத்தது. லட்சம் போகுமா?” எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டால், முன்னால் ஒட்டிய நீல வில்லையில் போட்டிருக்கிறதாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படியுங்கள் என்பேன். அதில் 1851–1951 என்று இருக்கும். ஐசக் சிங்கர் காப்புரிமை வாங்கியது 1851. கம்பெனி தன் நூற்றாண்டுக்காக அந்த வில்லையை அடித்தது. மிஷின் நம்ம அப்பா காலத்தது.

இதைவிடக் கூத்து 2009இல் சவுதியில் நடந்தது. பழைய சிங்கர் மிஷினுக்குள் ‘சிவப்புப் பாதரசம்’ இருக்கிறது, கோடி பெறும் என்று ஒரு புரளி. ஊசிப் பக்கத்தில் செல்போனை வைத்தால் லைன் துண்டிக்கும், அதுதான் அடையாளமாம். ஆயிரம் பெறாத மிஷினுக்கு லட்சக்கணக்கில் ரியால் கேட்டார்கள். நாம் சிரிப்பதற்கில்லை, கோயில் கலசத்தில் இரிடியம் என்று சொத்தை விற்றுக் கொடுத்த ஊர் நம்முடையது.

வயது தெரிய வேண்டுமானால் மிஷின் தரையின் வலது ஓரத்தில், தூண் பக்கம், சின்ன மேடையில் அடித்திருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். நம் பக்கம் கிடைக்கும் பழைய சிங்கர்களில் நான் பார்த்த பெரும்பாலானவை ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஊரில், கில்போவி தொழிற்சாலையில் செய்தவை. மாடல் எண்ணுக்குப் பின்னால் வரும் ‘கே’ அந்தக் கில்போவியைத்தான் குறிக்கிறது. எண்ணுக்கு முன் எழுத்தே இல்லையென்றால் 1900க்கு முந்தியது. ‘எஃப்’ என்றால் 1910ஐ ஒட்டித் தொடங்கிய வரிசை. ‘ஒய்’ என்றால் இருபதுகளும் முப்பதுகளின் முற்பகுதியும். ‘ஈ’யில் தொடங்கும் இரட்டை எழுத்து என்றால் அதற்கும் பிறகு. மாடலைக் கண்டுபிடிக்க நான் முதலில் பார்ப்பது பாபின். நீளமாகப் பென்சில் துண்டு மாதிரி, தறி நாடா போன்ற ஷட்டிலுக்குள் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடினால் 27, 127 குடும்பம். வட்டப் பாபின் மேலேயிருந்து தகட்டுக்கு அடியில் இறங்கினால் 66 அல்லது 99. இடப்பக்கம் அடியில் கேஸோடு சொருகினால் 15. நம் உஷாவும், லூதியானாவிலிருந்து வரும் கறுப்பு மிஷின்களும் அந்தப் 15இன் வாரிசுகள். நூறு ரூபாய்க்குள் பெட்டிக்கடையில் கிடைக்கும் பாபின் கேஸ் என் மனைவியின் பழைய 15இல் கச்சிதமாகப் பொருந்துகிறது.

என்னிடம் ‘எஃப்’ எழுத்து மிஷின் ஒன்று இருக்கிறது. கைப்பிடி மிஷின், வளைந்த மரமூடி போட்டது. இங்கே ரயில்வே பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த ஒரு ஆங்கிலோ இந்திய அம்மா, ஆஸ்திரேலியாவுக்கு மகளோடு போகும்போது கொடுத்துவிட்டுப் போனார். எண் 1911ஐக் காட்டுகிறது. அந்த வருஷம் மார்ச் மாதம் கில்போவியில் மரப்பெட்டிக்கு மெருகு போடும் பிரிவில் பதினைந்து பெண்கள் செய்த வேலையைப் பன்னிரண்டு பேர் தலையில் கட்டினார்கள். கூலி கூடவில்லை, குறைந்தது. அவர்கள் வேலையை நிறுத்த, சுமார் 11,000 பேர் பின்னால் வந்தார்கள். மூன்று வாரத்தில் போராட்டம் உடைந்தது. முன்னால் நின்றவர்களைத் தேடித் தேடி வெளியே அனுப்பினார்கள். 1946 வேலைநிறுத்தத்தில் ஐந்து பேரைப் போலீஸ் துப்பாக்கிக்குக் கொடுத்த பொன்மலைக்காரனுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. மூடியின் மெருகு இன்னும் மங்கவில்லை. போராட்டத்துக்கு முந்தின கையா பிந்தின கையா என்று அதைத் துடைக்கும்போதெல்லாம் யோசிப்பேன்.

காந்திக்கும் இந்த மிஷின் பிடிக்கும். 1924இல் சாந்திநிகேதன் மாணவர் ஜி. ராமச்சந்திரன் அவரிடம் போய், நீங்கள் எல்லா யந்திரங்களுக்கும் எதிரியா என்று கேட்டார். பின்னாளில் மனைவி சௌந்திரம் அம்மாவோடு திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை உண்டாக்கினவர் இவர்தான். காந்தி சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து அன்பினால் சிங்கர் கண்டுபிடித்தது என்றார். மனுஷர் யாரோ சொன்னதை நம்பிவிட்டார். சிங்கருக்குப் பல பெண்களிடம் இருபதுக்கு மேல் பிள்ளைகள். மேல்நூலும் அடிநூலும் பூட்டிக்கொள்ளும் தையலுக்கு 1846லேயே காப்புரிமை வாங்கியவர் எலியாஸ் ஹோவ், அவருக்குச் சிங்கர் பணம் கட்ட வேண்டியிருந்தது. ராமச்சந்திரன் விடவில்லை. இந்த மிஷினைச் செய்யப் பெரிய தொழிற்சாலை வேண்டுமே என்று மடக்கினார். அப்படிப்பட்ட தொழிற்சாலை அரசாங்கத்தின் கையில் இருக்கட்டும் என்றார் காந்தி. மெருகு போட்ட அந்தப் பெண்களைப் பற்றி அவருக்கு யாராவது சொல்லியிருந்தால் இன்னும் என்ன சொல்லியிருப்பாரோ.

அவர் சொல்லாத காரணம் ஒன்றை ஃபிட்டராக நான் சேர்க்கிறேன். இது தன்னைத் திறந்து காட்டும் மிஷின். ஒரு திருப்புளி இருந்தால் போதும். ஊசி அடிவரை போய், சுமார் இரண்டரை மில்லிமீட்டர் மேலே ஏறும்போது நூல் பின்னால் சின்ன வளையமாகப் பிதுங்கும். சரியாக அந்த நொடியில் கொக்கியின் நுனி ஊசிக்காதுக்குச் சற்று மேலே வந்து வளையத்தைக் கவ்வ வேண்டும். அடித்தகட்டை நீக்கிவிட்டுச் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினால் பத்து வயதுப் பிள்ளைகூட இதைக் கண்ணால் பார்க்கலாம். உள்ளே நைலான் பல்சக்கரம் வைத்த பிற்கால மிஷின்களில் பல் உடைந்தால் உதிரிபாகத்துக்கு ஊர் ஊராக அலைய வேண்டும்.

பாலக்கரையிலிருந்து ஒரு பெண், கணவரை இழந்தவர், மிஷினை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார். சக்கரம் சுற்றுகிறது, ஊசி அசையவில்லை. புதுசு வாங்கச் சொல்லிவிட்டார்களாம். கைச்சக்கரத்தின் நடுத்திருகைக் கழற்றினேன். உள்ளே காது வைத்த வாஷர் ஒன்று உண்டு. சுத்தம் செய்த யாரோ அதை அரைச்சுற்று மாற்றிப் போட்டிருந்தார்கள். திருப்பிப் போட்டேன், ஐந்து நிமிஷம். ஆட்டோவுக்கு அவர் கொடுத்ததுதான் செலவு.

அதனால்தான் அரசாங்கத்திடம் ஒரு விண்ணப்பம். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் மிஷின் கொடுக்கிறீர்கள், நல்ல காரியம். கூடவே ஒன்றியத்துக்கு இரண்டு பேருக்காவது பழுது பார்க்கக் கற்றுக்கொடுங்கள். என்னைப் போல ஓய்வுபெற்ற ஃபிட்டர்கள் பொன்மலையிலேயே ஒரு பட்டாளம் இருக்கிறோம். டீயும் பஸ் டிக்கெட்டும் கொடுத்தால் வந்துவிடுவோம். பரணில் கிடக்கும் பழைய மிஷின்களையும் அந்தப் பெண்கள் கையாலேயே ஓடவைக்கலாம்.

அலங்காரத்துக்கு வைப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. வையுங்கள், தலையோடு வையுங்கள், வெல்டிங் மட்டும் வேண்டாம். வாங்கப் போகிறவர்கள் சட்டைப்பையில் ஒரு நூல்கண்டு, ஒரு புது ஊசி, கொஞ்சம் காடாத்துணி எடுத்துக்கொண்டு போங்கள். 15 மாடலாக இருந்தால் ஊசியின் தட்டைப்பக்கம் இடதுபுறம், நூல் வலமிருந்து இடம். இது தெரியாமல் ‘தையல் விழல’ என்று தள்ளிவிட்ட மிஷின்கள் இரண்டை நான் அடிமாட்டு விலைக்கு வாங்கியிருக்கிறேன். இந்த ஞாயிறு பொன்மலைச் சந்தைக்கு ஒரு 66 வந்திருப்பதாகப் பழைய இரும்புக்கடைப் பையன் சொன்னான். எடைக்கு என்ன கேட்பான் என்று தெரியும். வீட்டில் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.