அட்டையில் எழுதிவிட்டுப் போங்கள்

மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் போயிருந்தேன். பூவராகர் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக்குக் கிளம்பிப் போய்விட, சன்னதித் தெரு வெறிச்சென்றிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து, கோரைக்கிழங்குப் பிரசாதத்தை வாயில் அடக்கியபடி சித்தப்பா கேட்டார்.

"ஏம்ப்பா, கரண்ட்டுக்கு ரீடிங் எடுக்க வர்றவர் வெள்ளை அட்டையில எழுதிட்டுப் போறாரு. என் உடம்புல ரீடிங் எடுத்தவங்க ஒண்ணும் எழுதாமப் போயிட்டாங்களே, அது என்ன நியாயம்?"

விஷயம் இதுதான். சில வருஷங்களுக்கு முன் அங்கே ஒரு முகாம். 'இதய நோயும் மரபணுவும்' என்று பேனர். சித்தப்பா முதல் ஆளாகப் போனதற்குக் காரணம் உண்டு. சின்னச் சித்தப்பா நாற்பத்திரண்டு வயதில், சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோதே சரிந்து விழுந்து போய்ச் சேர்ந்தவர். முந்தின நாள் வரை ஒரு தலைவலிகூடக் கிடையாது. முகாமில் ஒரு டியூப் ரத்தம் எடுத்தார்கள். நாலு பக்க ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து. ஒரு வாழைப்பழம், ஒரு பிஸ்கட் பாக்கெட். அவ்வளவுதான். முடிவு கேட்டு மூன்று கடிதம் போட்டார். 'தனிநபர் முடிவுகளைத் தருவது ஆய்வின் நோக்கமன்று' என்று ஒரே ஒரு பதில் வந்தது. அவருடைய பேரன் இப்போது பள்ளி டீமில் கபடி ஆடுகிறான்.

கடலுக்குள் போன பூமியையே மீட்டுத் திருப்பிக் கொடுத்த பெருமாளின் ஊரில், ஒரு டியூப் ரத்தத்துக்குக் கணக்குத் திரும்பவில்லை.

சித்தப்பாவின் கவலை வெறும் பயம் என்று ஒதுக்க முடியாது. 2009-ல் மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த தண்டபாணி, ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜ் உள்ளிட்டோர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். இதயத் தசைக்கான ஒரு ஜீனில் 25 எழுத்துகள் காணாமல் போன வகை, இந்தியர்களில் நூற்றுக்கு நாலு பேரிடம் இருக்கிறது. இருந்தால் நோய் வந்தே தீரும் என்று அர்த்தமில்லை, ஆபத்து கூடுதல். குடும்பத்தில் இளவயது மரணம் இருந்தால் எக்கோ எடுத்துப் பார்த்துவிடலாம். இப்படிப்பட்ட செய்தி யாருக்கு முதலில் போக வேண்டும்? ஆராய்ச்சிப் பத்திரிகைக்கா, கபடி ஆடுகிற பையன் வீட்டுக்கா?

2020-ல் தொடங்கிய 'ஜீனோம் இந்தியா' திட்டத்தில் பத்தாயிரம் இந்தியர்களின் முழு ஜீனோமையும் படித்தார்கள். பெருமைப்பட வேண்டிய சாதனை. 2025 ஜனவரி 9 அன்று அந்தத் தகவல்களை ஃபரிதாபாத் தரவு மையம் வழியாக ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். சந்தோஷம். ரத்தம் கொடுத்தவருக்கும் ஒரு சின்னக் கதவு வையுங்கள் என்பதுதான் என் கட்சி.

இதற்கு மூன்று ஆட்சேபங்கள் சொல்வார்கள்.

ஒன்று, 'சாமானியனுக்குப் புரியாது, பயந்துவிடுவான்.' இதையேதான் ஒரு காலத்தில் சர்க்கரை டெஸ்ட்டுக்கும் சொன்னார்கள். இன்று சித்தி காலையில் தானே விரலைக் குத்திப் பார்த்து, தினசரிக் காலண்டரில் குறித்து வைக்கிறாள். 2023-ல் தொடங்கிய அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் பழங்குடி கிராமங்களில் சோதனை செய்து, உனக்கு நோய் இருக்கிறதா, நீ அதைக் கடத்துபவரா என்று கலர் அட்டையே கொடுக்கிறார்கள். அது மரபணுச் செய்திதானே? மலைக் கிராமத்தில் புரிவது ஸ்ரீமுஷ்ணத்தில் புரியாதா?

இரண்டு, 'இது ஆராய்ச்சி, மருத்துவச் சோதனை இல்லை, தப்பிருக்கலாம்.' நியாயம்தான். அமெரிக்காவில் '23 அண்ட் மீ' கம்பெனி எச்சிலை வாங்கிக்கொண்டு நோய் ஜோசியம் சொன்னபோது, 2013-ல் அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நிறுத்தச் சொன்னது. அப்படியானால் 'இதை உறுதி செய்துகொள்' என்று எழுதிக் கொடுங்கள். நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 2019-ல் சி.எஸ்.ஐ.ஆர். தன் 'இண்டிஜென்' திட்டத்தில் 1,008 பேரின் ஜீனோமைப் படித்தபோது, பங்கேற்றவர்களுக்கு அட்டையும் ஆப்பும் கொடுத்தது. அங்கே முடிந்தது மற்ற இடத்தில் ஏன் முடியாது?

மூன்று, 'வெளியே கசிந்துவிடும்.' இது நிஜமான பயம். அதே '23 அண்ட் மீ'யிலிருந்து 2023-ல் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் திருடு போனது. 2025 மார்ச்சில் கம்பெனி திவால் நோட்டீஸ் கொடுத்தபோது, ஒன்றரைக் கோடிப் பேரின் ஜீன் தகவல் ஏலப் பொருளாயிற்று. நம் ஊரிலும், இதயத் தசை நோய்க்காரர் ஒருவருக்கு 'பரம்பரை வியாதி' என்று இன்ஷூரன்ஸ் பணம் மறுக்கப்பட, அப்படி ஒட்டுமொத்தமாக ஒதுக்குவது பாரபட்சம் என்று 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் சார், கசியும் என்று பயப்பட வேண்டியது சித்தப்பா. ரத்தத்தை வாங்கி வைத்துக்கொண்ட நீங்கள் அந்தக் காரணத்தை அவரிடமே சொல்வது, நகையை அடகு பிடித்தவர் 'திருட்டு பயம், அதனால் திருப்பித் தர மாட்டேன்' என்பது மாதிரி.

சட்டமும் கைகொடுக்கவில்லை. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், என்னைப் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமை தருகிறது. அடுத்த சில பக்கங்களில், தனிநபர் பற்றிய முடிவெடுக்கப் பயன்படாத ஆராய்ச்சிக்கு விதிவிலக்கும் தருகிறது. வலது கையால் கொடுத்து இடது கையால் வாங்கிக்கொள்வது என்பது இதுதான்.

பொங்கல் லீவில் பறவை எண்ணப் போகிறவர்களைப் பாருங்கள். எண்ணியவர் பெயரில் கணக்கு இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். மக்கள் அறிவியல் என்றால் அது. மைனாவுக்கும் மடையானுக்கும் உள்ள மரியாதை மனுஷன் ரத்தத்துக்கு வேண்டாமா? சட்டையை மடித்துக் கையை நீட்டுவது மட்டும்தான் குடிமகனின் பங்கு என்றால், அதற்குப் பெயர் கொசுவலை இல்லாமல் தூங்குவது.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. படிவம் தமிழில் இருக்கட்டும். அதில் 'முடிவு தெரிய வேண்டுமா? ஆம் / வேண்டாம்' என்று இரண்டு கட்டம் போடுங்கள். 'வேண்டாம்' என்பதும் உரிமைதான். ஒருவர் ஜீன் என்பது அண்ணன் தம்பி, பிள்ளை குட்டி எல்லோருக்கும் பங்குள்ள கூட்டுச் சொத்து, யோசித்துத்தான் டிக் அடிக்க வேண்டும். 'ஆம்' என்றவருக்கு, கவனிக்க வேண்டியது ஏதாவது இருந்தால், மறுசோதனை செய்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருவர் உட்கார்ந்து விளக்கட்டும்.

ஊர் திரும்புமுன் சித்தப்பாவிடம், முகாமுக்குக் காத்திருக்காமல் பையனைக் கடலூர் கூட்டிப்போய் ஒரு எக்கோ எடுத்துவிடச் சொன்னேன். "எடுத்தாச்சுப்பா, போன மாசமே. நல்லா இருக்கான்" என்றார். ரிப்போர்ட்டை எடுத்து வந்து காட்டினார். கரண்ட் அட்டை இருந்த அதே பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக இருந்தது.

"இது நான் காசு கொடுத்து வாங்கினது. அவங்க எடுத்துக்கிட்டது என்கிட்ட ஓசியா வாங்கினது. எதுக்குப்பா ரசீது வரணும்?"