ஆழ்வார்க்கடியான் பார்த்த பொன்னியின் செல்வன்

பொன்னியின் செல்வன் படம் வந்தபோது என் வயதுக்காரர்கள் பெரும்பாலும் சொன்னது ஒன்றுதான்: "புத்தகம் மாதிரி இல்லை." நானும் அதையே பத்துப் பேரிடம் சொன்னேன். இப்போது அதைத் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2022 அக்டோபர் 3, திங்கட்கிழமை. எனக்கு எழுபத்தைந்து வயது நிறைந்த நாள். படம் வெளியாகி நான்காவது நாள். வெளியூரில் இருக்கும் மகன் காலைக் காட்சிக்கு நான்கு டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தான். "உங்க பழைய ஃபிரண்ட்ஸோட போயிட்டு வாங்கப்பா" என்றான். எம்.ஜி.ஆர். 1958-லேயே எடுக்க நினைத்த படம். காத்திருந்தே எங்களுக்குத் தலை நரைத்துவிட்டது.

நாங்கள் நால்வரும் பள்ளித் தோழர்கள். ஒருவன் தமிழாசிரியராக இருந்தவன், ஒருவன் வங்கிக்காரன். மூன்றாமவன் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பையனாக இருக்கும்போதே குள்ளம், பருமன், எதற்கும் சண்டைக்கு நிற்பான். நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் ஆழ்வார்க்கடியான். அறுபது வருடமாக அதுதான் அவன் பெயர். அவன் பேத்தி கல்யாணத்தைக்கூட 'ஆழ்வார்க்கடியான் வீட்டுக் கல்யாணம்' என்றுதான் சொன்னோம்.

அப்போது காவிரிப் பாலத்தில் பழுது பார்க்கும் வேலை. ஸ்ரீரங்கத்திலிருந்து நாங்கள் மூவரும் காரில் பைபாஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம். பொன்மலைக்காரன் எங்களுக்கு முன்பே வந்து, சலவைச் சட்டையில், தியேட்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

படம் தொடங்கியதும் நாங்கள் மூவரும் என்ன செய்தோம் தெரியுமா? கணக்குத் தணிக்கை செய்தோம். கதை ஆடிப்பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில் அல்லவா ஆரம்பிக்க வேண்டும், இதென்ன போர்க்களம்? காவிரி என்று காட்டுவது எந்த ஊர் ஆறோ? அந்த வருடம் அம்மா மண்டபத்துப் படிகளில் நுரைத்துக்கொண்டு ஓடிய தண்ணீரைப் பார்த்த கண்ணுக்கு அது ஒட்டவில்லை. கடம்பூர் மாளிகை வந்தது. தமிழாசிரியன் பக்கத்து வரிசைக்கும் கேட்கும்படி, "மணிமேகலையைக் காணோமே!" என்றான். இதற்கிடையில் ஜெயராம் குடுமியும் நாமமும் தடியுமாகத் திரையில் வந்தார். நான் பொன்மலைக்காரனை இடித்தேன். அவன் திரும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இடைவேளையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "மணிமேகலை யாருடா?"

வேடிக்கை செய்கிறான் என்று சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. "நான் அந்தப் புத்தகத்தைப் படிச்சதே இல்லடா. நீங்க வச்ச பேரு யாருதுன்னே இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்றான். பிறகு, "நல்லவன்தான் போலிருக்கு" என்று சேர்த்துக்கொண்டான்.

வங்கிக்காரன், "இத்தனை வருஷமா சொல்லலையே" என்றான். "ஒரு தடவை கேட்டேன். இவன்கிட்டதான்" என்று என்னைக் காட்டினான்.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. கல்கி பத்திரிகையில் 1950-லிருந்து 1954 வரை மூன்றரை வருடம் வாராவாரம் வந்த தொடரை, மணியம் படங்களோடு என் பாட்டி கிழித்துச் சேர்த்து ஐந்து பாகமாக பைண்டு செய்து வைத்திருந்தாள். தெருவில் எல்லா வீட்டுக்கும் அது போய் வரும். தெருவைத் தாண்டிப் போனதில்லை. ஒரு சனிக்கிழமை அவன் பொன்மலையிலிருந்து அதற்காகவே வந்து வாசலில் நின்று கேட்டான். "பாட்டி கொடுக்க மாட்டா" என்று சொல்லிவிட்டேன். உள்ளே போய்ப் பாட்டியிடம் நான் கேட்கவேயில்லை. ஏன் கேட்கவில்லை என்று வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்து ஸ்ரீரங்கம் தெரிந்தவர்களுக்குப் புரியும். அடுத்த வாரத்திலிருந்து, படித்த மாதிரியே எங்களோடு பேசப் பழகிக்கொண்டான் போலிருக்கிறது. 1999-இல் கல்கியின் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கிய பிறகு மலிவுப் பதிப்புகள் வந்தன. வாங்கியிருக்கலாமே என்றேன். "வாங்கினா படிக்கலைன்னு தெரிஞ்சுடுமே!" என்றான்.

இடைவேளைக்குப் பிறகு நான் படத்தை விட்டு அவனைத்தான் பார்த்தேன். கடலில் புயல் வந்தபோது முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டான். அருள்மொழியும் வந்தியத்தேவனும் கடலோடு போய்விட்டார்கள் என்ற நிலையில் படம் நின்று விளக்குப் போட்டதும், "என்னடா இது, அப்புறம்?" என்றான். தமிழாசிரியன் சொல்ல வாயெடுத்தான். "சொன்னே, உதைப்பேன்!"

அடுத்த பாகம் வர ஏழு மாதம். அந்த வயதில் ஏழு மாதம் என்பது என்ன என்று உங்களுக்கும் தெரியும். ஆனாலும் கதையைக் கேட்க மாட்டேன் என்றான். 1950-இல் அடுத்த இதழுக்குக் காத்திருந்த வாசகனின் தவிப்பு எங்களில் அவன் ஒருவனுக்குத்தான் கிடைத்தது. நாங்கள் மூவரும் எல்லாவற்றையும் பைண்டில், முடிவு கையிலிருக்கப் படித்தவர்கள். திரும்பும்போது அவன் கேட்டது இன்னொன்று: "அந்தப் பழுவூர் நம்ம கீழப்பழுவூரா?" ஜெயங்கொண்டத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு முப்பது வருடமாக பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் போகிறான். கீழப்பழுவூர், மேலப்பழுவூர்க் கோயில்களில் பழுவேட்டரையர் கல்வெட்டுகள் உண்டு என்று தமிழாசிரியன் ஆரம்பித்தான். அநிருத்தப் பிரம்மராயரின் அன்பில் லால்குடிப் பக்கம்தான், அவர் முன்னோர் அரங்கன் கோயிலில் தொண்டு செய்தவர்கள் என்று அன்பில் செப்பேடு சொல்கிறது என்றான். அவன் பேச்சுக்கு அன்று உண்மையான ஒரு மாணவன் கிடைத்தான்.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். படத்தில் குறை உண்டு. இரண்டாம் பாகத்தில் சேந்தன் அமுதனின் கதையைக் கழற்றிவிட்டு மகுடத்தை நேரே மதுராந்தகனுக்கே கொடுத்தது எனக்கு இன்றும் உடன்பாடில்லை. ஆனால் ஐந்து பாகத்தை ஐந்தரை மணி நேரத்தில் அடைக்கிறவர் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விட்டார் என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்களுக்காக அவர் படம் எடுக்கவில்லை. வாசலில் நின்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்களுக்காக எடுத்தார் என்றே வைத்துக்கொள்கிறேன். தியேட்டரில் டிக்கெட் இருந்தால் போதும், எந்தத் தெரு என்று கேட்பதில்லை.

2023 ஏப்ரல் 28-இல் இரண்டாம் பாகம் வந்தது. மறுநாள் நால்வரும் போனோம். பாலமும் திறந்துவிட்டிருந்தது. அதற்கடுத்த வாரம் பாட்டியின் ஐந்து பைண்டுகளையும் இரண்டு பைகளில் போட்டு, ஆட்டோ பிடித்துப் பொன்மலைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தாள் பழுப்பேறி ஓரம் உதிர்கிறது. சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துண்டை விரித்து அதன்மேல் வைத்தான்.

ஆடி மாதம் ஒரு நாள் இரவு பத்தரைக்கு போன். இந்த நேரத்தில் போன் வந்தால் பயம்தான். எடுத்தேன். குரல் கம்மியிருந்தது. கடைசி அத்தியாயங்களை அப்போதுதான் முடித்திருந்தான்.

"இந்தப் பொண்ணைப் போய் விட்டுட்டானுங்களேடா படத்துல!"

அரை மணி நேரம் மணிமேகலையைப் பற்றியே பேசினோம்.