ஆறு திங்கள் ஆடிய தொட்டில்!

ஏழ்மை தலையெழுத்து என்கின்றனர் சிலர். சோம்பலுக்குக் கிடைத்த கூலி என்கின்றனர் வேறு சிலர். தொட்டிலிலே கிடக்கும் குழந்தை என்ன சோம்பல் செய்தது? பாலுக்கு அழும் வாய் எந்தப் பிறவியிலே என்ன பாவம் புரிந்தது? மறுமொழி கூற இயலாதோர், “கொடுமைதான், ஆனால் களைய வழி ஏது?” என்று கைவிரிக்கின்றனர்.

வழி உண்டு, தோழர்களே! அதைக் காட்டியது பொதுவுடைமை நாடன்று. முதலாளித்துவத்தின் கோட்டையாம் அமெரிக்கா! காட்டிய வழியைத் தானே அடைத்தும் கொண்டது. அந்தக் கதை நமக்குப் பாடம்.

குழந்தைகளுக்கான வரிக்கழிவு அந்நாட்டிலே 1997-இல் சட்டமாயிற்று. பெற்றோர் செலுத்தும் வருமான வரியிலே ஒரு தொகை தள்ளுபடி. கேட்க இனிமை! ஆனால், வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாதவன் எதைக் கழிப்பான்? வசதி உள்ளவன் முழுமையாகப் பெற்றான். குறைந்த கூலிக்காரன் அரைகுறையாகப் பெற்றான். வேலையற்றவன் வெறுங்கையனாய் நின்றான். மேட்டிலே மழை, பள்ளத்திலே வறட்சி! இயற்கையும் காணாத விந்தை!

2021 மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவர் பைடன் கையொப்பமிட்ட சட்டம் அவ்விந்தையை மாற்றியது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆண்டுக்கு 3,600 டாலர்; 6 முதல் 17 வயது வரை 3,000 டாலர். வருமானம் ஏதும் இல்லாத குடும்பத்துக்கும் முழுத்தொகை! அதிலே பாதி, ஜூலை முதல் டிசம்பர் வரை திங்கள்தோறும் வீடு தேடிச் சென்றது.

விளைவு யாது? அரசின் உதவிகளையும் கணக்கிலே சேர்க்கும் அளவுகோலின்படி, 2020-இல் நூற்றுக்கு 9.7 ஆக இருந்த குழந்தை வறுமை, 2021-இல் 5.2 ஆகச் சரிந்தது. பெருந்தொற்றுக் கால உதவிகள் பிறவும் துணை நின்றன. எனினும், இந்த வரிக்கழிவு மட்டுமே 29 லட்சம் குழந்தைகளை வறுமையிலிருந்து மீட்டதென அந்நாட்டுக் கணக்கெடுப்புத் துறை அறிவித்தது.

பிறகு? நீட்டிப்பதற்கான மசோதாவைக் கீழவை 2021 நவம்பரிலே ஏற்றது. மேலவையிலோ இரு கட்சியும் ஐம்பதுக்கு ஐம்பது! ஆளுங்கட்சியைச் சேர்ந்த ஜோ மான்சின், டிசம்பரிலே “ஆதரியேன்” என்றார். தொட்டில் நின்றது! வரிக்கழிவு பழைய உருவுக்குத் திரும்பிற்று. ஏனைய உதவிகளும் ஓய்ந்தன. 2022-இல் குழந்தை வறுமை 12.4! வறுமையில் வாடிய பிள்ளைகள் 38 லட்சத்திலிருந்து 90 லட்சமாயினர். பஞ்சம் வந்ததா? பூகம்பம் பிளந்ததா? இல்லை, சட்டங்கள் காலாவதியாயின!

“பணத்தைக் கொடுத்தால் குடித்தழிப்பர், உழைப்பை மறப்பர்” என்பது சீமான்களின் பழம்பாட்டு. பணம் பெற்றோரையே கேட்டது கணக்கெடுப்புத் துறை. உணவு, உடை, வாடகை, பள்ளிச் செலவு, பழைய கடன் என்றே பெரும்பாலோர் விடையளித்தனர். அந்த ஆறு திங்களை ஆராய்ந்தோரில் பலர், வேலையைத் துறந்தோடிய பெருங்கூட்டம் எதையும் காணவில்லை.

கொடுப்பது போதுமா? யார் கையிலே கொடுப்பது? இங்கிலாந்திலே எலினார் ராத்போன் அம்மையார் கேட்ட கேள்வி இது. 1945-இல் வந்த குடும்பப் படி மசோதா, தந்தைக்கே தொகை என்றது. “தாயிடம் தருக!” என்று போராடி வென்றார் அம்மையார். இரண்டாம் குழந்தை முதல் ஒவ்வொன்றுக்கும் வாரம் 5 ஷில்லிங். 1946 ஜனவரியில் அவர் மறைந்தார். ஆகஸ்டிலே முதற்படி தாயர் கரம் சேர்ந்தது.

அந்த நெறியின் உறவைத் தமிழகமும் அறியும். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சியிலே தொடங்கிய திட்டம், குடும்பத் தலைவியருக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கிற்று. குழந்தைக்கென்றே வகுத்த தொகையன்று அது. எனினும், பெண்ணின் கைக்குச் சென்றது. பெயரும் உதவித் தொகையன்று, உரிமைத் தொகை!

தோழர்களே! “இலவசம்” என்று ஏளனம் செய்வோர் உங்கள் தெருவிலும் உண்டு. அவர்களிடம் சினம் வேண்டாம். இரண்டே எண்களைச் சொல்லுங்கள்: 5.2, 12.4. கொடுத்தபோது முன்னது, நிறுத்தியபோது பின்னது. குழந்தையின் வறுமை விதியன்று. சட்டமன்றத்திலே உயரும் கைகளின் கணக்கு. அந்தக் கைகளைத் தேர்ந்தெடுப்பவர் மக்கள். மக்களிடம் இதை எடுத்துரைக்க வேண்டியவர் நீங்கள். தொட்டிலுக்கு வாக்குரிமை இல்லை, நமக்கு உண்டு!