சீழ் செல்லுக்கு மேலே ஒரு வரி

ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். நைட் ஷிஃப்ட் ஆட்களைக் கம்பெனி பஸ்கள் இறக்கிவிட்டுப் போனதும் எங்கள் கதவைத் தட்டுகிற சீட்டுகளில் பாதி 'யூரின் ரொட்டீன்'தான். கொண்டு வருபவள் பெரும்பாலும் இருபதை ஒட்டிய பெண். திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஊர். இங்கே ஹாஸ்டல், அல்லது நாலைந்து பேர் சேர்ந்து எடுத்த ரூம்.

நீர்க்கடுப்பு வருவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. தொழிற்சாலையில் லைனை விட்டு நகர வேண்டுமென்றால் அவள் இடத்தில் நிற்க ரிலீவர் வர வேண்டும். ரிலீவரைக் கேட்டால் லைன் லீடர் முகத்தைப் பார்க்க வேண்டும். இதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் எட்டு மணி நேரத்தை ஓட்டுகிற பெண்களை இங்கே எந்த ஹாஸ்டலிலும் பார்க்கலாம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் குடிதண்ணீர்க் குழாய் கழிப்பறையிலிருந்து 6 மீட்டருக்குள் இருக்கக் கூடாது என்றது. அதை ஒட்டிய விதிகள் 25 பெண்களுக்கு ஒரு கழிப்பறை என்றன. தூரத்தையும் எண்ணிக்கையையும் அளந்தவர்கள் போய்வர எவ்வளவு நேரம் என்பதை அளக்கவில்லை.

ஆனால் இன்று நான் எழுத வந்தது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. மாத்திரை போட்டு மூன்றாம் நாள் எரிச்சல் அடங்கிவிடும். "எரிச்சல் இல்லக்கா, ஆனா தாகம் அடங்கவே மாட்டேங்குது. நைட்ல நாலு வாட்டி எந்திரிக்கிறேன். லைன்ல நிக்கவே முடியல" என்பாள். இதற்கு எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கிறது. அம்மா போனில் உடம்புச் சூடு என்பார். ரூம்மேட் மாத்திரைச் சூடு என்பாள். சூப்பர்வைசர் சோம்பேறித்தனம் என்பார். உடனே இளநீர், கரும்பு ஜூஸ், தண்ணீர் பாட்டிலில் கலக்கிய குளுக்கோஸ் பவுடர்.

அந்தக் குளுக்கோஸ் பவுடர்தான் எனக்குக் கவலை. ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை ஏறிக்கிடக்கிற உடம்பு என்றால், தாகத்துக்கென்று குடிப்பதே தாகத்தைக் கூட்டும். ரத்தச் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் தேக்கி வைக்க முடியாமல் சிறுநீரில் இறங்குகிறது. இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் அடிக்கடி சிறுநீர், அதனால் தாகம். சர்க்கரை ரத்தத்தில் இருந்தும் தசைக்குப் போய்ச் சேராததால் அசதி. கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்களும் அந்த நிலையில் சரியாக வேலை செய்வதில்லை. நீர்த்தொற்று எளிதில் வரும், போனாலும் திரும்பும். இதில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அடிக்கடி சிறுநீர் போவது நீர்த்தொற்றுக்கும் அறிகுறி, சர்க்கரைக்கும் அறிகுறி. தொற்று என்று பெயர் வைத்தாகிவிட்டது என்றால் மற்றதை யாரும் தேடுவதில்லை.

இத்தனைக்கும் தேட வேண்டிய இடம் நான் டைப் அடித்துத் தரும் அதே தாளில் இருக்கிறது. சீழ் செல்லுக்குச் சில வரி மேலே, ஆல்புமினுக்கு அடுத்து, சுகர். நான் படித்த காலத்தில் பெனடிக்ட் கரைசலில் எட்டுச் சொட்டு விட்டுச் சூடாக்கி, நீலம் பச்சையாகி மஞ்சளாகிச் செங்கல் நிறமாவதைப் பார்த்துத்தான் எழுதுவோம். இப்போது ஒரு பட்டையை நனைத்தால் போதும். ரிப்போர்ட்டை வாங்குகிறவர்களின் கண் நேரே, தொற்றைக் காட்டும் சீழ் செல் எண்ணிக்கைக்குப் போகிறது. அது ஐந்துக்குள் வந்துவிட்டால் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள்.

சென்ற கோடையில் வந்த ஒரு பெண்ணுக்குச் சுகர் வரியில் மூன்று பிளஸ். சீட்டு எழுதிய கிளினிக் ரத்தச் சர்க்கரை கேட்கவில்லை. நானே விரலில் குத்திப் பார்த்தேன்: 340. "எங்க வீட்ல யாருக்கும் சுகர் இல்லக்கா, எனக்கு 24 வயசுதான ஆகுது" என்றாள். பையில் குளுக்கோஸ் பாக்கெட் பாதி காலியாக இருந்தது.

வயதைச் சொல்லித் தப்பிக்கிற காலம் போய்விட்டது. 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர்-இன்டியாப் (INDIAB) ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு என்றது. வயது வந்தோரில் 11.4 சதவீதம். தமிழ்நாடு அந்தச் சராசரிக்கு மேலே இருக்கிறது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோ 40 வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவசப் பரிசோதனை என்கின்றன. நல்லதுதான். இந்த லைன்களில் நாற்பது வயதுப் பெண்ணை எங்கே போய்த் தேடுவது? கேன்டீனிலும் ஹவுஸ்கீப்பிங்கிலும்தான் இருப்பார்கள்.

அந்த ஹவுஸ்கீப்பிங் அக்காக்களின் கதை வேறு மாதிரி. அவர்களில் பலர் ஏற்கெனவே சுகர் மாத்திரை போடுகிறவர்கள். நீர்க்கடுப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு சிப்ரோஃப்ளாக்சசினோ லீவோஃப்ளாக்சசினோ நாலு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். இந்த வகை மருந்துகள் ரத்தச் சர்க்கரையை ஏற்றவும் கூடும், இறக்கவும் கூடும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போடுகிறவர்களுக்கு அபாயமாகவே இறக்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், கண் இருட்டல் எல்லாம் வேலைக் களைப்பு என்று போய்விடும். இதே குடும்பத்து மருந்தான கேட்டிஃப்ளாக்சசினை, சர்க்கரையை இப்படிக் குலைக்கிறது என்பதற்காகவே, 2011 மார்ச்சில் இந்திய அரசு மாத்திரையாகவும் ஊசியாகவும் தடை செய்தது. மற்றவை கடையில் இருக்கின்றன. தேவையான இடத்தில் நல்ல மருந்துகள்தான். சுகர் இருக்கிறதா என்று கேட்காமல் கொடுப்பதுதான் தவறு.

எல்லாத் தாகமும் சர்க்கரை என்று நான் சொல்ல வரவில்லை. காய்ச்சலுக்கும் தாகம் எடுக்கும். அசதி ரத்தசோகையாகவும் இருக்கலாம். 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் விலாவில் வலியும் வந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டதோ என்று பார்க்க வேண்டும். தொற்றுக் காலத்தில் சர்க்கரை தற்காலிகமாகவும் ஏறும். அதனால் குணமான பிறகு மறுபடி பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும். ஆனால் தாகத்தோடு வாந்தியும் வயிற்றுவலியும் வேகமாக மூச்சு வாங்குவதும் சேர்ந்தால் மறுநாள் வரை பொறுக்கக் கூடாது. இன்சுலின் அறவே குறைந்து ரத்தம் அமிலமாகிற நிலையாக அது இருக்கலாம். இளம் வயதில் பலருக்குச் சர்க்கரை தெரிய வருவதே அப்போதுதான்.

எங்கள் பக்கத்து வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த சிப்காட் விடுதியில் மட்டும் 18,720 பெண்கள் தங்க இடம் இருக்கிறது. அதே ஆண்டு அரசு கொண்டுவந்த 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' திட்டம் வேலை செய்யும் இடத்திலேயே பிரஷரும் சுகரும் பார்க்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முகாம் வருகிற நாளில் கான்ட்ராக்ட் பெண் வேறு ஏஜென்சியில், வேறு கம்பெனியில் இருப்பாள். அவளாகவே உடம்பு முடியாமல் வருகிற நாள் ஒன்று இருக்கிறது. நீர்க்கடுப்பு என்று வருகிற அந்த நாள்தான். இ.எஸ்.ஐ. மருந்தகமோ, கம்பெனி மெடிக்கல் ரூமோ, தனியார் கிளினிக்கோ, யூரின் டெஸ்ட் எழுதும்போதே கூட ஒரு விரல் குத்தலையும் எழுதுவதை வழக்கமாக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. சிறுநீரில் சுகர் இல்லை என்று வந்தாலும் எழுத வேண்டும். 180-க்குக் கீழே இருக்கிற சர்க்கரை அந்தப் பட்டைக்குத் தெரியாது.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில், "நாளைக்கு வெறும் வயித்துல வரச் சொல்லுங்க." விடியவிடிய நின்றுவிட்டு, நடுராத்திரி கேன்டீனில் சாப்பிட்டு, காலையில் தூங்கி மத்தியானம் எழுகிறவளுக்கு எது வெறும் வயிறு? வரமாட்டாள். இதுவரை அப்படித் திருப்பி அனுப்பியவர்களில் மறுநாள் வந்தவர்கள் குறைவு. இப்படி அறிகுறியோடு வருகிறவளுக்கு எந்த நேரத்தில் எடுத்தாலும் 200-ஐத் தாண்டினால் அது பெரும்பாலும் நீரிழிவுதான்; தொற்று குணமான பிறகு மறுபடி பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். அதற்குக் கீழே சந்தேகமாக வந்தால் சாப்பாட்டைப் பற்றிக் கவலையில்லாத ஹெச்.பி.ஏ.1.சி. ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ராத்திரி இரண்டரை மணிக்கு மெடிக்கல் ரூம் நர்ஸ் எடுத்தாலும் அதே சொட்டு ரத்தம்தான்.