கார் கீறலுக்குக் கூலியைப் பிடிக்கலாமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு டூட்டி இல்லை. காலையில் பக்கத்து அறை அண்ணாச்சி வந்து கதவைத் தட்டினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மும்பைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. செம்பூர் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் துடைக்கிறார்.

"தம்பி, நீங்க ரெயில்வேல இருக்கிய. இந்தி நல்லா பேசுவிய. ஒரு எட்டு வந்து அந்த சேட்டுகிட்ட கேளுங்க. மூணு மாசக் கூலியப் பிடிச்சுட்டாரு" என்றார்.

போனேன். கருப்பு நிறக் கார். வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறதாம். உரிமையாளர் காரை வெயிலில் நிறுத்தி, பானெட்டைக் காட்டினார். சூரியன் பட்ட இடத்தைச் சுற்றிலும் சிலந்தி வலை பின்னியது போல மெல்லிய கீறல்கள். வட்ட வட்டமாக நூற்றுக்கணக்கில் தெரிந்தன.

"இவர் துடைத்துத் துடைத்து இப்படி ஆக்கிவிட்டார். பாலிஷ் போடச் செலவு ஆகும். அதை யார் தருவது?" என்று கேட்டார். மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதத்துக்கு 1,500 ரூபாயை நிறுத்தி வைத்திருந்தார்.

கீறல் இருப்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கீறலுக்குப் பொறுப்பு யார் என்பதுதான் கேள்வி. அண்ணாச்சியைப் போல இந்த ஊரில் விடியற்காலையில் வாளியும் துணியுமாகப் போகும் நம்மவர்கள் பலர். இன்று அவருக்கு நேர்ந்தது நாளை அவர்களுக்கும் நேரலாம். ஆகவே, பெயிண்ட் பட்டறையில் பாலிஷ் வேலை செய்யும் நண்பர் ஒருவரிடம் போய் விவரமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு இதை எழுதுகிறேன்.

கீறல் எப்படி வருகிறது?

நம் வீட்டு எவர்சில்வர் தம்ளரை எடுத்துப் பாருங்கள். கடையில் வாங்கியபோது முகம் பார்க்கலாம் போல இருந்தது. ஒரு வருடம் நாரும் பொடியும் போட்டுத் தேய்த்த பிறகு விளக்கு வெளிச்சத்தில் காட்டினால் அதே வலை தெரியும். மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைப்பவர்களுக்கும் இது தெரியும். காரிலும் நடப்பது இதுதான்.

இன்றைய காரில் இரும்புத் தகட்டின் மேல் துரு பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு. அதன் மேல் பிரைமர். அதன் மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே 'கிளியர் கோட்' என்று நிறமே இல்லாத ஒரு பளபளப்புப் பூச்சு. இந்த மேல் பூச்சின் கனம் சாதாரணமாக 40 மைக்ரான் அளவில் இருக்கும். ஒரு மில்லி மீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் மைக்ரான். நம் தலைமுடியின் கனமே சுமார் 70 மைக்ரான். அப்படியென்றால் காரின் பளபளப்பு முழுவதும் ஒரு தலைமுடி கனம் கூட இல்லாத பூச்சில்தான் இருக்கிறது.

ராத்திரி முழுவதும் கார் மேல் தூசி விழுகிறது. மும்பையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கட்டட வேலை. அந்தத் தூசியில் மணல் துகள் இருக்கும். மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறக்கூடியது. கிளியர் கோட் எம்மாத்திரம்? தண்ணீர் விடாமல் உலர்ந்த துணியைப் போட்டு இழுத்தால், அந்தத் துகள்கள் துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு உப்புத்தாள் போலத் தேய்க்கின்றன. துணி எத்தனை மிருதுவாக இருந்தாலும் பயன் இல்லை.

இன்னொரு விஷயம். கீறல் வட்டமாகத் தெரிவதால், வட்டமாகத் துடைத்ததுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த சேட்டும் அப்படித்தான் சொன்னார். அது சரியல்ல. கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. வெளிச்சத்தைச் சுற்றி அதற்குக் குறுக்கே அமைந்த கீறல்கள் மட்டும் மின்னுவதால் வட்டம் போலத் தெரிகிறது. விளக்கை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். நேராகத் துடைத்தாலும், தூசி இருந்தால் கீறல் விழத்தான் செய்யும். கருப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிறங்களில் அது பளிச்சென்று தெரியும். வெள்ளைக் காரிலும் உண்டு, ஆனால் கண்ணில் படாது.

பத்து நிமிடத்தில் ஒரு கார்

இப்போது அண்ணாச்சியின் வேலையைப் பாருங்கள். காலை 5 மணி முதல் 8½ மணி வரை 21 கார்கள். கணக்குப் போட்டால் ஒரு காருக்குப் பத்து நிமிடம். அதற்குள் உரிமையாளர்கள் ஆபீசுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். குடியிருப்பில் குழாயில் ஹோஸ் பைப் மாட்டக் கூடாது என்று உத்தரவு. ஐந்து காருக்கு ஒரு வாளித் தண்ணீர்தான். துணி? ஒரு வீட்டில் பழைய பனியன், இன்னொரு வீட்டில் கிழிந்த துண்டு. அந்த ஒரே வாளியில் முதல் காரின் சக்கரத்துச் சேற்றை அலசி, அதே தண்ணீரால் ஐந்தாவது காரின் பானெட்டைத் துடைக்கிறார். தண்ணீரின் அடியில் தேங்கிய மணல் திரும்பவும் துணியில் ஏறி காருக்கே வருகிறது.

இப்படித்தான் செய்ய முடியும் என்று ஏற்பாடு செய்துவிட்டு, கீறல் விழுந்தது என்று கூலியைப் பிடிப்பது என்ன நியாயம்?

அண்ணாச்சி பக்கம் தவறே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி காரில் போட்டிருக்கிறார். துணி துவைக்கும் சோப்புத் தூளைக் கரைத்திருக்கிறார். அது காரில் உள்ள மெழுகைக் கழுவி எடுத்துவிடும். ஆனால் இது கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அதோடு, பேசிக்கொண்டிருந்தபோது அந்த சேட் காரின் டிக்கியைத் திறந்தார். உள்ளே மஞ்சள் டஸ்டர் துணி ஒன்று கிடந்தது. "இது எதற்கு?" என்று கேட்டேன். "சாயங்காலம் ஆபீசிலிருந்து கிளம்பும்போது நானே ஒரு தட்டுத் தட்டிவிடுவேன்" என்றார். அதாவது தினமும் ஒரு தடவை, தண்ணீர் இல்லாமல், அவர் கையாலேயே. இதில் எந்தக் கீறல் யார் போட்டது என்று யாரால் சொல்ல முடியும்?

போக்க முடியுமா?

போக்கலாம். விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் அது ஆழமான கீறல், பாலிஷில் போகாது. மாட்டாமல் வழுக்கினால் மேலோட்டமானது, பாலிஷில் போய்விடும். வட்டக் கீறல்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

முதலில் காரை நன்றாகக் கழுவி உலர்த்த வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் பிசின், இரும்புத் துகள் இவற்றைக் 'கிளே' என்னும் களிமண் போன்ற கட்டியால், வழுக்கும் திரவம் தெளித்து எடுக்க வேண்டும். ரப்பர், பிளாஸ்டிக் ஓரங்களில் டேப் ஒட்ட வேண்டும். பிறகு நிழலில் நிறுத்தி, இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் மட்டும் முதலில் சோதனை. மிருதுவான ஸ்பாஞ்ச் பேடும், மிக நைசான பாலிஷும் போதுமா என்று பார்க்க வேண்டும். போதவில்லை என்றால்தான் அடுத்த ரகம். எடுத்த எடுப்பில் கடுமையான காம்பவுண்டைப் போடக் கூடாது. சுழன்றபடியே ஆடவும் செய்யும் பாலிஷ் மெஷின் புதியவர்களுக்குப் பாதுகாப்பானது. ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் மெஷின் பழகாத கையில் பெயிண்டைச் சூடாக்கி எரித்துவிடும். மடிப்புகளிலும் ஓரங்களிலும் பூச்சு மெல்லியதாக இருக்கும் என்பதால் அங்கே கை வைக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும்.

முடிந்ததும், ஸ்பிரிட் கலந்த தண்ணீரால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சில பாலிஷ்களில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்துவிடும். இரண்டு மழையில் கீறல் திரும்பத் தெரியும். அது வேலை ஆகாது. உண்மையில் கீறல் போயிருந்தால் கடைசியாக மெழுகு பூச வேண்டும்.

இதில் காரை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாலிஷ் என்பது கீறலை நிரப்புவது அல்ல. கீறலின் ஆழம் வரை சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துச் சமன் செய்வது. ஒவ்வொரு முறையும் ஓரிரு மைக்ரான் போகிறது. கடுமையான காம்பவுண்ட் என்றால் அதைவிட அதிகம். இருப்பதே 40 மைக்ரான். தேய்ந்தது திரும்ப வளராது. ஆகவே வருடா வருடம் பாலிஷுக்குப் பணம் கொடுப்பதைவிட, தினசரி துடைக்கும் முறையை மாற்றுவதுதான் காருக்கும் நல்லது, பர்சுக்கும் நல்லது.

என்ன செய்ய வேண்டும்?

குடியிருப்புக்காரர்களுக்கு என் யோசனை இது. இரண்டு வாளி கொடுங்கள். ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், மற்றொன்றில் துணி அலசும் தண்ணீர். பனியன் துணிக்குப் பதில் நாலு மைக்ரோபைபர் துணி வாங்கிக் கொடுங்கள். சக்கரத்துக்குத் தனித் துணி. தினமும் உலர்ந்த துணியால் துடைக்கச் சொல்வதை நிறுத்திவிட்டு, வாரம் இரண்டு நாள் ஒழுங்காகக் கழுவச் சொல்லுங்கள்.

தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2024 கோடையில் ஏரிகள் வற்றி மாநகராட்சி 10 சதவீதம் தண்ணீரை வெட்டியது நமக்கு மறக்கவில்லை. ஆனால் தோட்டத்துக்கு மருந்து அடிக்கும் கைப்பம்பு போன்ற ஸ்பிரேயர் இருந்தால் போதும், கொஞ்சம் தண்ணீரில் காரை நனைத்துத் தூசியை இளக்கிவிடலாம். தினமும் துடைத்துக் கீறுவதைவிட, வாரம் இரண்டு முறை இரண்டு வாளியில் கழுவுவதே மேல்.

கார் துடைக்கும் நம்மவர்களுக்கும் சில வார்த்தை. மேலிருந்து கீழாகத் துடையுங்கள். அழுக்கு அதிகமான கீழ்ப்பகுதியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்த துணியைத் துவைக்காமல் தொடாதீர்கள். "தண்ணி வேண்டாம், சும்மா ஒரு துடை துடை" என்று சொன்னால், கீறல் விழும் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். புதிதாக ஒரு காரை ஏற்கும் அன்றே உரிமையாளரைக் கூட வைத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பாருங்கள். இருக்கும் கீறலைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பார்சல் ஆபீசில் நாங்கள் ஒரு பெட்டியை வாங்கும்போதே உடைசலைக் குறித்துக்கொள்வோம். குறிக்காவிட்டால் பழி எங்கள் தலையில்தான் விழும். அதே விதிதான் இதற்கும்.

முடிந்தவர்கள் இந்தப் பாலிஷ் வேலையையும் கற்றுக்கொள்ளுங்கள். பத்து நிமிடத் துடைப்புக்கும் ஒரு நாள் பாலிஷுக்கும் கூலியில் எத்தனை வித்தியாசம் என்பது பட்டறை வாசலில் நின்று பார்த்தாலே தெரியும். நம் வீட்டுப் பையன்களுக்கும் இது கைத்தொழில் ஆகும்.

அண்ணாச்சி விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனோம். டார்ச் அடித்துக் காட்டினேன். டஸ்டர் துணியையும் நினைவுபடுத்தினேன். சேட் கொஞ்ச நேரம் யோசித்தார். 1,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். "500 ரூபாய் பாலிஷுக்கு" என்று சொல்லி வைத்துக்கொண்டார். இரண்டாவது வாளி ஒன்று வாங்கித் தருவதாகவும் சொன்னார்.

வாளி இன்னும் வரவில்லை. அந்த 500 ரூபாயும் வர வேண்டும். கீறல் காரில் விழுந்தது. அதைத் தொழிலாளியின் வயிற்றில் தேய்த்துப் போக்க நினைக்கக் கூடாது.